எண்ணெய்க்கார அக்காவின் பித்தளைத் தூக்கு

எங்கள் காட்சியகத்தில் என் கையால் நான் தினமும் துடைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்றுதான். மற்றவற்றைத் துடைக்க ஆள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு பித்தளைத் தூக்கு இருக்கிறது. ஐந்து படி எண்ணெய் கொள்ளும். வயிற்றில் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. வாய் விளிம்பில், நீளக் காம்பு வைத்த சின்ன அளவைக் குவளை ஒன்று கொக்கி போட்டுத் தொங்குகிறது. அடியில் விரித்த வெள்ளைத் துணியில் வட்டமாக எண்ணெய்க் கறை. கடைசியாக அதில் எண்ணெய் ஊற்றி வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் அடி ஒட்டிலிருந்து எப்படியோ கசிந்துகொண்டிருக்கிறது. துணியை மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடியும் வட்டம் வந்துவிடும். திருச்சியிலிருந்து வந்த, பழம்பொருள் பராமரிக்கத் தெரிந்த ஒருவர், மருந்து போட்டுக் கழுவினால் நின்றுவிடும் என்றார். தூக்கைக் கொடுத்த எண்ணெய்க்கார அக்கா சம்மதிக்கவில்லை. கசிந்தால் கசியட்டும், அது எண்ணெய்ப் பாத்திரம்தானே என்று சொல்லிவிட்டார்.

காட்சியகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற சாலையில், முன்பு கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்த ஓட்டுக் கிடங்கு அது. இந்தப் பக்கத்தில் எண்ணெய் ஆட்டிய குடும்பங்களும் எண்ணெய் வியாபாரிகளும் சேர்ந்து அதைச் செப்பனிட்டு, தங்கள் வீட்டுப் பரண்களில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். நடுவில் கல்செக்கு. ஓரத்தில் வாகை மரச்செக்கு. அதை அடுத்து மோட்டார் வந்த காலத்து இரும்புச் செக்கு. சுவரோரம் படி, உழக்கு, புனல், எள் சலித்த சல்லடை, தகர டின்கள். ஜாடிகளில் எள், கடலை, ஆமணக்கு, இலுப்பை, வேம்பு. கல்செக்கைச் சுற்றி நடக்கிற பாவனையில் சிமெண்டில் ஒரு மாடு. அதைச் செய்தவர் கோயில் வேலை செய்பவர் என்பதால் மாட்டுக்கு நந்தியின் முகம் வந்துவிட்டது. செக்கு இழுத்த மாடு எதுவும் இவ்வளவு திருப்தியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். தூக்கு இருக்கிற பெட்டிப் பக்கம் அவர்கள் நிற்பது குறைவு. அதன் கீழே இருக்கிற அட்டையில் எழுத்து கொஞ்சம் அதிகம், அது காரணமாக இருக்கலாம். அதை எழுதியவன் நான்.

அந்தத் தூக்கு எண்ணெய்க்கார அக்காவுடையது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு செக்கு வீடு இருந்தது. நான் ஒன்றாம் வகுப்பு படித்த நாளில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அக்கா. வீட்டுக்காரர் செக்கைப் பார்த்துக்கொள்ள, அக்கா தெருத்தெருவாக எண்ணெய் கொண்டுபோனார். எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெய். தெருமுனையில் அவர் திரும்பும்போதே அந்த வாசம் வந்துவிடும், கூவ வேண்டிய அவசியமே இருக்காது. அளந்து ஊற்றியபின் குவளையின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்கும். அதை விரலால் வழித்து, பக்கத்தில் எந்தப் பிள்ளை நிற்கிறதோ அதன் உச்சந்தலையில் தேய்த்துவிடுவார். அந்தச் சொட்டுக்காகவே நாங்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்போம். என் தலையில் இன்றைக்கும் முடி இருக்கிறதென்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

இப்படி எங்கள் தலைக்கும் தோசைக்கும் சாமி விளக்குக்கும் எண்ணெய் கொடுத்த அக்காவை, காலையில் வெளியே கிளம்பும்போது எதிரே பார்க்க மட்டும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஆகாது. எண்ணெய்த் தூக்கு எதிரே வந்தால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது இந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். வாசல் தாண்டியவர் திரும்பி வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதில் சாதி மத வித்தியாசமெல்லாம் கிடையாது. என் அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குத் தவறாமல் போகிறவள், வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கவிடும் பக்கத்து வீட்டு அத்தையை ஏளனம் செய்கிறவள். ஆனால் எண்ணெய்த் தூக்கைக் கண்டால் அவளும் திரும்பிவிடுவாள். கேட்டால், பைபிளில் அது கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லையே என்பாள். 

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஒரு தெருவுக்குள் நுழையும் முன் முனையில் நின்று எட்டிப் பார்ப்பார். யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டோ, தாம்பாளத்தோடோ, கையில் பெட்டியோடோ கிளம்புவது தெரிந்தால், மின்கம்பத்தின் ஓரம் ஒதுங்கி, தூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிடுவார். "செத்த நேரம் நிக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அவர்கள் போனபின் திரும்பி, ஒன்றுமே நடக்காத முகத்தோடு எண்ணெய் விற்க வருவார். அப்படி நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் எத்தனை வருடம் வரும் என்று நான் இப்போது யோசிப்பதுண்டு. அப்போது யோசித்ததில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிற மாதிரி, அது ஒரு சாதாரண விஷயமாக இருந்தது.

எனக்கு இருபத்திரண்டு வயதில், வரைவாளர் வேலைக்கு மதுரையில் நேர்முகத் தேர்வு வந்தது. வரைபடம் போடுகிற படிப்பு முடித்து ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு வந்த முதல் கடிதம். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். காலையில் மெயின் ரோட்டில் நின்று போகிற மதுரை பஸ் ஒன்று உண்டு, அதைப் பிடித்தால் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். தேய்த்த சட்டை, சான்றிதழ் ஃபைல், அம்மா நெற்றியில் போட்ட சிலுவை எல்லாவற்றோடும் வாசல் தாண்டினேன். அன்றைக்கென்று அக்கா முனையில் நின்று பார்க்கவில்லையா, பார்த்தும் நான் கண்ணில் படவில்லையா, தெரியாது. தெரு நடுவில், நேருக்கு நேர் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவர் ஒதுங்குவதற்குள் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் வந்தது. அது போதாதென்று மாதா படத்துக்கு முன்னால் முட்டி போடச் சொல்லி ஒரு செபமும் சொல்லவைத்தாள். இரண்டு பக்கத்துக்கும் சமாதானம் செய்துவிட்டு நான் மெயின் ரோட்டுக்கு ஓடியபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் எப்போதோ வந்தது. வந்ததும் நின்று நின்று போனது. சின்னாளப்பட்டியில் சேலைக் கட்டுகளைக் கூரைமேல் ஏற்றி முடிக்கும்வரை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதுரையில் அந்த அலுவலக வாசலுக்குப் போனபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். வாசலில் இருந்த ஊழியர், இனிமேல் உள்ளே விட முடியாது தம்பி என்று நல்லபடியாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். எப்படிக் கிடைக்காமல் போனது என்று சொல்லவில்லை. பஸ்ஸை விட்டேன் என்று சொன்னால், ஏன் விட்டாய் என்ற கேள்வி வரும். தண்ணீர் குடிக்க உட்கார்ந்ததால் விட்டேன் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. நான் வாயைத் திறக்காததால் அம்மா தானே காரணத்தைக் கண்டுபிடித்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எண்ணெய்க்காரி எதிரே வந்து பையனுடைய வேலையைக் கெடுத்துவிட்டாளாம். அடுத்த நாளே அம்மா பாக்கெட் எண்ணெய்க்கு மாறினாள். அவளைப் பார்த்து நாலு வீடு மாறியது. பிறகு தெருவே மாறியது. ஒரு நாள் அக்கா தெருமுனையில் நின்று பார்த்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குள் அவர் வரவில்லை. நான் மொட்டை மாடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த வருடம் மறுபடி கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒரு பஸ் முன்னதாகவே போய்விடுவது என்று விடியற்காலையில் கிளம்பினேன். தெருமுனை தாண்டி மெயின் ரோட்டுக்குப் போகிற வழியில், இன்னும் திறக்காத ஒரு சைக்கிள் கடையின் ஓரம் அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தூக்கின் மேல் தலைப்பு மூடியிருந்தது. தூரத்திலேயே என்னைப் பார்த்திருக்க வேண்டும். நின்று, அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். நான் வேகமாக நடந்தேன். வேலை கிடைத்தது. முப்பத்தைந்து வருடம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டேன்.

அக்காவைப் பற்றி வருத்தமாகவே சொல்லிக்கொண்டு போனால் அவருக்கே பிடிக்காது, ஏனென்றால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தெரு போனால் போகட்டும் என்று செக்கு வீட்டு முன்னறையையே கடையாக்கினார். மாட்டை விட்டு மோட்டாருக்கு மாறினார். எல்லாரும் பாக்கெட்டுக்குப் போன காலத்தில் நல்லெண்ணெய் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். பிறகு காலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. டாக்டர்களும் தொலைக்காட்சியும் செக்கு எண்ணெயைப் புகழ ஆரம்பித்ததும், அக்கா கடை வாசலில் கார்கள் நின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரிகளும், கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர்களும் டின் கணக்கில் வாங்கிப் போனார்கள். ஒரு காலத்தில் அவரைக் கண்டு தண்ணீர் குடிக்கத் திரும்பி ஓடியவர்களின் பிள்ளைகள், அக்காவைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு, ஒரு தடவை நானும் அந்த வரிசையில் நின்றேன். அக்கா என் பாட்டிலை வாங்கி நிரப்பிவிட்டு, "சுகமா இருக்கியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். விளிம்பில் நின்ற சொட்டை விரலில் வழித்தவர், என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே தன் கையில் தேய்த்துக்கொண்டார்.

காட்சியகம் வைக்கிற யோசனை வந்தபோது கல்செக்கைக் கொடுத்தவர் அவர். திட்டப் படம் போடவும் அட்டைகள் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. வரைவாளர் ஒருவர் சும்மா இருக்கிறாரே என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். அக்காவும் நானும் அந்தக் கிடங்கில் மூன்று மாதம் தூசியோடு கிடந்தோம். எந்தப் பொருளைக் கேட்டாலும் அதன் கதை அவரிடம் இருந்தது. செக்கு மாட்டுக்கு ஏன் கண்ணைக் கட்டுகிறார்கள், கருப்பட்டியை எள் எந்தப் பதத்துக்கு வந்தபின் போட வேண்டும், கலப்பட எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் எழுதிக்கொண்டே இருப்பேன். கல்செக்குக்குப் பளபளப்பு வேண்டுமென்று காட்சியகக் குழுவில் யாரோ கறுப்புப் பெயிண்ட் அடித்துவைத்திருந்தார்கள். அதை ஒரு வாரம் உட்கார்ந்து சுரண்டி, பழைய புண்ணாக்கைப் போட்டு, ஆட்களைத் தள்ளவைத்து இரண்டு தடவை ஆட்டிக் கழித்து, செக்கைத் திரும்ப எண்ணெய்க்குப் பழக்கினார்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு குழு கூடியது. அந்தச் செக்கில் ஆட்டிய முதல் எண்ணெயை அக்காவின் தூக்கில் கொண்டுவந்து குத்துவிளக்கு ஏற்றுவது என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. குழுத் தலைவர் குரலைத் தாழ்த்தி, தூக்கை முன்கூட்டியே மேடையில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். விருந்தினராக வரும் பெண் அதிகாரி காரை விட்டு இறங்கும் நேரத்தில் எண்ணெய் எதிரே வர வேண்டாமே என்றார். மூன்று தலைமுறையாக எண்ணெய் ஆட்டியவர் அவர். மற்றவர்களும் எண்ணெய்க்காரர்கள்தான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஊர் சொன்னதை இவர்களும் நம்பிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட எனக்கு என்ன தகுதி என்ற நினைப்பும் கூடவே வந்தது.

கூட்டம் முடிந்ததும் அக்கா தூக்கைத் துடைத்துக்கொண்டே, அதற்கு என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். வாசித்தேன். பித்தளைத் தூக்கு, தெருத்தெருவாக எண்ணெய் விற்கப் பயன்பட்டது.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. கிடங்கின் மூலையில் கிடந்த கடலை மூட்டையில் உட்கார்ந்து, நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். நேர்முகத் தேர்வில் நான் உட்காரவே இல்லை, பஸ்ஸை விட்டேன், வேலை போனதற்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை, எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா" என்றார். "அன்னைக்கி ஒங்க தெருவுல இருந்து திரும்பி மெயின் ரோட்டுக்குத்தான் போனேன். மதுரை பஸ் என்னயத் தாண்டித்தான் போச்சு. நின்னு ஒவ்வொரு சன்னலா பாத்தேன். நீ அதுல இல்ல."

அப்படியானால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாஞ் சொன்னா யாரு நம்புவா? அது நீ சொல்ல வேண்டிய பேச்சு."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அட்டையைப் புதிதாக எழுதினேன். இப்போது பெட்டிக்குள் இருப்பது அதுதான்: "பித்தளைத் தூக்கு. இதில் எண்ணெய் சுமந்து வந்தவர் எதிரே வந்தால் காரியம் கெடும் என்று இந்த ஊரில் திரும்பிப் போனவர்கள் பலர். அப்படித் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்ததால் பஸ்ஸையும் வேலையையும் தவறவிட்டவன் ஒருவன். பழி இந்தத் தூக்கின் மேல் விழுந்தது. ஒரு தெரு இவரிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. உண்மை தெரிந்தவன் வாய் திறக்கவில்லை. இதை எழுதியிருப்பவன் அவன்தான்."

தலைவருக்குப் பிடிக்கவில்லை. பெருமையைக் காட்டத்தானே காட்சியகம் வைக்கிறோம், நம்முடைய சிறுமையை நாமே எழுதி மாட்டுவதா என்று கோபித்துக்கொண்டார். நான் பதில் தேடுவதற்குள் அக்கா பேசிவிட்டார். "இம்புட்டையும் கேட்டுக்கிட்டு ஒரு நா தவறாம எண்ணெ வித்தேன்ல. அது பெருமையில்லாம வேற என்னங்க?" தலைவர் அட்டையை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

விழா நாளில் அக்கா தூக்கை மேடையில் வைக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. காலையில் ஆட்டிய எண்ணெயை நிரப்பிக்கொண்டு கிடங்கின் உள்ளே காத்திருந்தார். கார் வந்து நின்று, அந்த அதிகாரி இறங்கி நடைபாதையில் கால் வைத்ததும், எதிர்ப்பக்கமிருந்து வெளியே வந்தார். மஞ்சள் சுங்குடிச் சேலை, கையில் தூக்கு, தலைப்பு தோளில் கிடந்தது. நடைபாதையின் நடுவில், நேருக்கு நேர். எழுபத்தைந்து வயதுக்கு அந்த நடை நிதானமாகத்தான் இருந்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அதிகாரிக்கு எங்கள் ஊர்ச் சட்டம் தெரியாதோ, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையோ, எனக்குத் தெரியாது. நிறைந்த பாத்திரத்தோடு ஒரு வயதானவர் வருகிறார் என்று, சட்டென்று ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அவர் ஒதுங்கியதும் பின்னால் வந்த கூட்டமும் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. அக்கா நடுவழியில் நடந்து வெளி வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் தூக்குக்கு ஊர் ஒதுங்கி நின்றதைப் பார்த்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது காட்சியகத்தின் சாவி அக்காவின் இடுப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அவர்தான் செக்கைக் காட்டி விளக்கம் சொல்கிறார். சிமெண்டு மாட்டுக்குத் தன் கையாலேயே கண்ணில் துணி கட்டிவிட்டார்.

போன மாதம் என் மகளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு நேர்முகத் தேர்வு. என் அம்மா காலமாகிவிட்டாள், வீட்டில் சொம்பில் தண்ணீர் தர ஆளில்லை. ஆனால் எனக்குள் வேறு ஓர் ஆசை. மகளைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தூக்கை எடுத்து அக்காவின் கையில் கொடுத்து, பிள்ளை நல்ல காரியத்துக்குப் போகிறாள், நீங்கள் ஒரு தடவை எதிரே வர வேண்டும் என்று கேட்டேன். இதைவிடப் பெரிய மரியாதையை அவருக்கு நான் செய்துவிட முடியாது என்ற பெருமிதம் எனக்கு.

அக்கா தூக்கை வாங்கி, என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதைப் பெட்டிக்குள், துணியில் இருந்த எண்ணெய் வட்டத்தின் மேல் சரியாகப் பொருத்தி வைத்துவிட்டுக் கண்ணாடியை மூடினார்.

"ஒனக்கு இன்னும் புத்தி வரலையே தம்பி" என்றார். "அன்னைக்கிம் நான் எண்ணெ விக்கத்தான் வந்தேன். இன்னைக்கிம் அம்புட்டுத்தான். பிள்ளைய நிப்பாட்டாத, பஸ்ஸுக்கு நேரமாகுது."

மகள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அவளுக்கு பஸ் கிடைத்தது.